சக்காம், ரம்ப்பாம், சில்வர்சைடாம்!

காரைக்குடிக் கறிக்கடையில் ‘வறுவலுக்கு, எலும்பில்லாம அரைக் கிலோ’ என்றால் போதும், பாய் பார்த்து வெட்டித் தந்துவிடுவார். பிள்ளைகள் லண்டன், மெல்போர்ன் என்று போனபிறகு வந்தது வினை. சூப்பர் மார்க்கெட் மாட்டுக்கறிப் பொட்டலத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் ஒரு கேள்வி: ‘இது சுக்காவுக்கு ஆகுமா சித்தி?’

பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் பெயரைப் பாருங்கள்: சக்காம், ரம்ப்பாம், சில்வர்சைடாம். இது கறியா, கம்ப்யூட்டர் கம்பெனியா? சக் என்றால் கழுத்தும் தோளும் சேர்ந்த இடம். அப்படியே எழுதினால் குடியா முழுகிவிடும்? அதிலும் நாட்டுக்கு நாடு மாறுமாம். லண்டனில் ரம்ப் என்கிற இடுப்புக்கறி, அமெரிக்காவில் சர்லாயின். லண்டனில் சர்லாயின் என்கிற முதுகுக்கறி, அங்கே ஸ்ட்ரிப். மாட்டுக்கு இருப்பது ஒரே முதுகுதானே!

பெயரில் மயங்கி சில்வர்சைடை வாங்கினால் தொலைந்தது. பின்தொடைக் கறி, கொழுப்பு குறைவு. மேலே வெள்ளிக் காகிதம்போல ஒட்டியிருக்கும் சவ்வு எத்தனை விசில் விட்டாலும் கரையாது. கத்தி நுனியை உள்ளே விட்டு உரித்துத்தான் ஆகவேண்டும். உரிக்காமல் போட்டால் துண்டு சுருண்டு செருப்புத்தோல். கூடவே வதங்கிய சின்ன வெங்காயமும் வரமிளகாயும் என்ன பாவம் செய்தன? சக்கோ முன்னங்காலோ என்றால், சிறுதீயில் இரண்டு மணி நேரம் கிடந்து, கறிக்குள் ஓடும் சவ்வு இளகி மசாலா பிசினாக ஒட்டும். அதை மட்டும் எழுத மாட்டார்கள்.

‘டைஸ்டு பீஃப்’ என்று இன்னொன்று, துண்டு போட்டே விற்கும் மாட்டுக்கறி. தொடையா, தோளா? கேட்கக் கூடாது. பாதித் துண்டு குழைந்துபோயிருக்கும், மீதி ரப்பர். இந்த லட்சணத்தில் பொட்டலத்தின் மேல் ‘சமைக்கத் தயார்’ என்று வேறு!