காலிக் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதாது
இலங்கையின் தென்கரையில் உள்ள காலி நகரின் கோட்டையை மாணவர்கள் மதிலேறி ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மதிலில் நடந்தால் கடல் தெரியும், ஊர் தெரியாது. மாணவனாகப் போனபோது என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது பழைய வாசல்தான். வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரசின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், கூடவே 1669 என்ற ஆண்டு. கலங்கரை விளக்கத்தை ஒட்டியுள்ள பள்ளிவாசல் பார்வைக்குத் தேவாலயம் போலவே இருக்கும். தமிழர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுவிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் கிடைத்தது இந்தக் காலியில்தான். இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டைக்குப் புறப்படும் மாணவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.