"புதன்கிழமை வாங்க"

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனேன். "இன்னைக்கு உங்க பாப்பா மட்டும்தாம்மா வந்திருக்கு. ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்க முடியாது, புதன்கிழமை வாங்க" என்றார் நர்ஸ். வெயிலில் திரும்பி நடக்கும்போது அவர்மேல் அவ்வளவு கோபம்.

அப்புறம்தான் புரிந்தது, தவறு அவருடையது இல்லை. இந்த மருந்து உலர்ந்த பொடியாக வருகிறது. பல குழந்தைகளுக்கானது ஒரே குப்பியில். நீர்மம் சேர்த்துக் கலக்கிவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். நான் மறு வாரம் போய்விட்டேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் மறுபடி வருவாரா? 2023இல் மட்டும் தட்டம்மையால் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள். 1963 முதல் தடுப்பூசி இருக்கும் நோய் இது!

அதனால்தான் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்த ஆய்வு என் மனதை விட்டுப் போகவில்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தட்டம்மை-ருபெல்லா மருந்தைக் கரையக்கூடிய நுண்ணிய முனைகளுக்குள் வைத்து, பிளாஸ்திரி மாதிரி ஒரு சின்னப் பட்டையில் பதித்திருக்கிறார்கள். தோலில் அழுத்தி 5 நிமிடம் விட்டால் முனைகள் உள்ளேயே கரைந்துவிடும். கலக்க வேண்டாம், குத்த வேண்டாம். முக்கியமாக, ஒரு குழந்தைக்கு ஒரு பட்டை. ஒன்பது, பத்து மாதக் குழந்தைகளில் பட்டை ஒட்டியவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தட்டம்மை எதிர்ப்பு உருவானது. ஊசி போட்டவர்களில் 90. ருபெல்லாவுக்கு இரண்டிலும் 100.

சின்ன ஆய்வுதான், கைக்குழந்தைகள் 120 பேர். இன்னும் பெரிய அளவில் சோதிக்க வேண்டும், சரி. ஆனால் கவனியுங்கள்: இங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சுமக்கும் பொருளைத்தான் மாற்றியிருக்கிறார்கள். கோவிட் காலத்திலும் தடுப்பூசியின் எம்ஆர்என்ஏவை, அதாவது செல்லுக்கான மரபுக் குறிப்பை, கொழுப்புத் துகளுக்குள் பொதிந்த பிறகுதானே அது செல்லுக்குள் போய்ச் சேர்ந்தது? மருந்தைப் பாராட்டுகிற நாம் அதைச் சுமக்கும் பொருளைக் கண்டுகொள்வதே இல்லை.

ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கான பட்டை என்பதால், லாபக் கணக்குப் பார்த்து இதைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். காம்பியாவில் ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட ஊசி மருந்து நம் புனேயில், சீரம் நிறுவனத்தில் தயாரானது. ஊசி மருந்தை உலகத்துக்கே கொடுக்கிற நாடு, பட்டைக்கு மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? சோதனைகளில் தேறினால் இத்தனை கோடி பட்டைகள் வாங்கிக்கொள்கிறோம் என்று அரசு இப்போதே வாக்குக் கொடுக்கட்டும். அந்த வாக்கு இருந்தால்தான் தொழிற்சாலை எழும்பும்.