கிரீன் கார்டு பற்றி முதல் நாளே கேளுங்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது வேறொரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. "அண்ணா, சேரும்போதே கிரீன் கார்டு பற்றிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?" என்று இழுத்து இழுத்துக் கேட்டார். வந்த புதிதில் எனக்கும் இதே தயக்கம்தான். அந்தத் தயக்கத்தில் நான் எதையெல்லாம் இழந்தேன் என்று அவரிடம் சொன்னேன். இன்னும் நாலு பேருக்கு உதவட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

நான் 2011-இல் வந்தேன். 2012-இல் மேனேஜரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "இந்த புராஜெக்ட் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். 2013-இல் அவர் போய் வேறொருவர் வந்தார். முதலில் இவரிடம் நல்ல பெயர் வாங்குவோம் என்று ஒரு வருடம் நானே வாயைத் திறக்கவில்லை. 2014-இல் கேட்டபோது, வக்கீல் அலுவலகத்தை மாற்றுகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். கடைசியில் என் பெர்ம் மனு தொழிலாளர் துறைக்குப் போனது 2015 மார்ச்சில்.

இந்தப் பெர்ம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இந்த வேலைக்குத் தகுதியுள்ள அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி காட்ட வேண்டும். அதற்கு முதலில் தொழிலாளர் துறை அந்த வேலைக்கான சம்பளத்தை நிர்ணயிக்கும். அப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் 30 நாள் அறிவிப்பு, இன்னும் சில. இதெல்லாம் முடிந்து மனு போடும் நாள்தான் உங்கள் பிரயாரிட்டி டேட். வரிசையில் உங்களுக்குக் கிடைக்கும் டோக்கன் அது. அடுத்து ஐ-140, அதாவது கம்பெனி உங்களுக்காகக் குடியேற்றத் துறையில் போடும் மனு. பிறகு உங்கள் தேதி வந்ததும் ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கு நீங்கள் போடும் விண்ணப்பம். அந்த "தேதி வந்ததும்" என்ற இடத்தில்தான் நம் வாழ்க்கை நின்றுவிடுகிறது.

வேலை வழியாக வருடத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுகள்தான். மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கணக்கு இது. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் டீமில் யாழ்ப்பாணத்தில் பிறந்த நண்பர் ஒருவர் இருந்தார். எனக்குப் பிறகு சேர்ந்தவர், அதே வேலை, அதே பிரிவு. இரண்டே வருடத்தில் அவருக்கு கார்டு வந்துவிட்டது. அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2022 கோடையில் நடந்ததை மறக்கவே முடியாது. கொரோனா காலத்தில் குடும்ப வழியில் பயன்படாமல் போன எண்ணிக்கை வேலை வழிக்கு வந்ததால், அந்த ஆண்டு வழக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்டுகள். உயர்படிப்பு படித்தவர்களுக்கான ஈபி-2 என்ற என் பிரிவில் இந்தியர்களுக்கான தேதி மளமளவென்று நகர்ந்து 2014 டிசம்பர் 1 வரை வந்தது. என் தேதி 2015 மார்ச். வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைத் திறந்து பார்ப்பேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், மூன்று மாதமும் அதே டிசம்பர் 1. அக்டோபரில் தேதி 2012 ஏப்ரலுக்குத் திரும்பப் போய்விட்டது. நான்கே மாத வித்தியாசம். "கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர்கள் சொன்னதும், பொறுத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்ததும் சேர்ந்து மூன்று வருடம் போயிருக்கிறது. அதில் நான்கு மாதத்தை மிச்சம் பிடித்திருந்தால் போதும்.

மனைவி பொறியியல் படித்தவர். ஐ-140 கிடைத்தவர்களின் துணைவர் வேலைக்குப் போகலாம் என்ற விதி 2015 மே மாதம் வந்தது. எனக்கு ஐ-140 கிடைத்தது 2016 கடைசியில். அந்த ஒன்றரை வருடமும் அவர் வீட்டிலேயே இருந்தார். வரும்போது மகளுக்கு மூன்று வயது. 21 வயதைத் தாண்டினால், சட்டம் தரும் சின்னக் கழிவு போக, எங்கள் மனுவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். அவளுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான்.

7 சதவீத வரம்பு போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019-இல் பிரதிநிதிகள் சபை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் செனட் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்காமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. அதை நம்பிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

நம் கையில் இருப்பது கேட்பது ஒன்றுதான். அதைச் செய்யாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணம் மரியாதை, நன்றி. கம்பெனி நமக்கு இரக்கப்பட்டு இதைச் செய்யவில்லை. இந்த வேலைக்கு இவர் வேண்டும் என்று அவர்கள்தான் கையெழுத்துப் போட்டு அரசிடம் கேட்கிறார்கள். பெர்முக்கான வக்கீல் கட்டணத்தையும் மற்றச் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பது 2007 முதல் விதி. "நடுவில் போனால் அந்தப் பணத்தைத் திருப்பித் தா" என்று எழுதி வாங்குவதும் அந்த விதிக்கு விரோதம். இது தெரியாமல் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வேலை மாறினால் எல்லாம் போய்விடும் என்ற பயம். பாதிதான் உண்மை. புது கம்பெனி பெர்மிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் ஐ-140 கிடைத்திருந்தால் பழைய தேதி உங்களோடு வரும். கிடைத்து 180 நாள் ஆகிவிட்டால், பழைய கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் வழக்கமான ஆறு வருட வரம்புக்கு மேல் எச்-1பி நீட்டிக்க அது உதவும். 2017 ஜனவரியில் வந்த விதி இது. ஆகவே ஐ-140 நகலைக் கேட்டு வாங்கிவையுங்கள். தர மாட்டோம் என்றால் ரசீது எண்ணையாவது வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் அரசிடமே தகவல் கோரி விண்ணப்பிக்கலாம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். எப்போது பெர்ம் தொடங்குவீர்கள், எந்தப் பிரிவு, நகல் தருவீர்களா என்று. இரண்டு நாளில் பதில் வந்ததாம். "சேர்ந்து ஆறு மாதத்தில் தொடங்குவோம்" என்று எழுதியிருக்கிறார்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. எந்த மாதம் என்பதையும் ஆஃபர் கடிதத்திலேயே சேர்த்துத் தரச் சொல்லி அவரே திரும்ப எழுதியிருக்கிறார்.