புயல் கூண்டை முன்பே ஏற்ற வேண்டாமா?
போன் விளையாட்டு ஒன்றின் பெரிய அப்டேட்டைத் தள்ளிவைத்த நிறுவனத்தை இங்கே பலர் திட்டித் தீர்க்கிறார்கள். நான் பாம்பன்காரன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். போன தடைக்காலத்தை இந்த விளையாட்டை வைத்துத்தான் ஓட்டினேன். எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அரைகுறையாக வெளியிடுவதைவிடத் தள்ளிவைப்பதே மேல். சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் மறந்துவிட்டதா? மூன்று முறை தள்ளிப்போட்டும் 2020 டிசம்பரில் அரைவேக்காடாகத்தான் வந்தது. சில நாட்களிலேயே சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

என் கோபம் வேறு. தள்ளிவைப்பதை வெளியாவதற்கு முந்தின நாள் இரவிலா சொல்வது? எங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டைக்கூடக் காற்று வருவதற்கு முன்பே ஏற்றிவிடுகிறார்கள். போனில் இருந்த படங்களையெல்லாம் அழித்து இடம் ஒதுக்கிவைத்த என் தம்பி, ஏதோ நான்தான் தள்ளிவைத்ததுபோல இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை.