உண்மை விளக்கம்: ஜப்பான் பழைய படத்தில் உள்ள பெயர்கள் பிறகு எழுதப்பட்டவை

வாட்ஸ்அப்பில் ஒரு பழைய ஜப்பானியப் புகைப்படம் சுற்றுகிறது. நடுவில் ஒரு வெள்ளைக்காரர், அருகில் ஒரு குழந்தை, சுற்றிலும் வாள் செருகிய நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெயர்: சைகோ தகாமோரி, சகாமோட்டோ ரியோமா என்ற புகழ்பெற்ற சாமுராய்கள், பேரரசர் மெய்ஜி. 'மறைக்கப்பட்ட ரகசியக் கூட்டம்' என்கிறது செய்தி.

அது தவறு. வெள்ளைக்காரர் கீடோ வெர்பெக், நாகசாகியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் சாகா பகுதி மாணவர்கள். படம் எடுத்தது உவேனோ ஹிகோமாவின் ஸ்டூடியோவில். 1895-லேயே 'தாயோ' என்ற ஜப்பானியப் பத்திரிகை இதை வெர்பெக்கும் சாகா மாணவர்களும் என்றே வெளியிட்டது. பிரபலங்களின் பெயர்கள் 1970-களில் ஓர் ஓவியர் முன்வைத்த ஊகத்துக்குப் பிறகு பரவியவை.

தேதியே போதும். ஆய்வாளர்கள் இந்தப் படத்தை 1868 இறுதி வாக்கில் வைக்கிறார்கள். ரியோமா 1867 டிசம்பரிலேயே கியோட்டோவில் கொல்லப்பட்டுவிட்டார். அப்புறம் சைகோ: உறுதிசெய்யப்பட்ட அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. நாம் பார்க்கும் அந்த அகன்ற முகம், அவர் இறந்த பிறகு இத்தாலியர் கியோசோனே வரைந்தது. மேல்பாதிக்குத் தம்பியின் முகம், கீழ்பாதிக்கு உறவினர் ஓயாமா இவாவோவின் முகம். அப்படியிருக்க, எதை வைத்து ஒப்பிட்டு இவர்தான் சைகோ என்பது?

ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் உருவப்படத் தொகுப்பு இணையத்தில் இலவசம். ரியோமா, சைகோ பற்றி அங்கேயே பார்க்கலாம். அந்த மாணவர்களுக்கும் சொந்தப் பெயர்கள் இருந்தன. தயவுசெய்து இந்தப் படத்தை அந்தப் பெயர்களோடு இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.