வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதா? அது பழைய கதைங்க

"வலிப்பு உள்ள பொண்ண கட்டுனா கல்யாணம் சட்டப்படி செல்லாது"ன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் மண்டபம், பாம்பன் பக்கம் எல்லா குரூப்லயும் சுத்துது. தப்புங்க. 1955 இந்து திருமணச் சட்டத்துல அப்படி ஒரு வார்த்தை இருந்தது உண்மைதான், ஆனா 1999லயே திருத்தம் பண்ணி அதை எடுத்துட்டாங்க. இன்னும் அதையே சொல்லி வந்த சம்பந்தத்த கலைக்கிறது பெரிய பாவம்.

எங்க சித்தி மகளுக்கு கருவாடு காயப்போட்ட இடத்துலயே வலிப்பு வந்துச்சு, ஆளாளுக்கு சாவியக் கொண்டாந்து கையில திணிச்சாங்க. சாவியால வலிப்பு நிக்காதுங்க, அது தானாத்தான் அடங்கும். ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் தாண்டுனா உடனே ஆஸ்பத்திரி.

சரியான மாத்திரைய விடாம போட்டா 100ல 70 பேர் வரைக்கும் வலிப்பே வராம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. தொட்டா ஒட்டாது. பிள்ளையும் பெத்துக்கலாம், ஆனா சில மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது, அதனால முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திரைய நிறுத்துறாங்க பாருங்க, அதுதான் உயிருக்கே ஆபத்து. பேசி முடிக்கிறப்பவே சொல்லிருங்க. எங்க சித்தி மக சொல்லித்தான் கட்டுனா, இப்ப ராத்திரி மாத்திரைய எடுத்துக் குடுக்குறதே எங்க மச்சான்தான்.