விழுந்து கிடக்கிற சூப்பர்மேன்

(படம் வெளிவருவதற்கு முன், டீசரைப் பார்த்து எழுதியது.) ஜேம்ஸ் கன் இயக்கும் புதிய சூப்பர்மேன் படத்தின் டீசர் வந்ததிலிருந்து என் டைம்லைனில் ஒரே புலம்பல். "ஹீரோ இன்ட்ரோவிலேயே அடி வாங்கிக்கொண்டு விழுகிறான், இதெல்லாம் ஒரு சூப்பர்மேனா?" என்று. எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான்.

பனிவெளியில் வானத்திலிருந்து ஒருவன் பொத்தென்று விழுகிறான். மூச்சு இரைக்கிறது. உதட்டில் ரத்தம். எழுந்து பறக்கவில்லை, கண்ணிலிருந்து நெருப்பைக் கக்கவில்லை. மிச்சம் இருக்கிற தெம்பில் ஒரு விசில் அடிக்கிறான், அவ்வளவுதான். தூரத்தில் பனியைக் கிளப்பிக்கொண்டு ஏதோ பாய்ந்து வருகிறது. வில்லன் ஆள் அனுப்பிவிட்டான் போல என்று பார்த்தால், வெள்ளை நாய்! வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்கிறான். அது அங்கியைக் கவ்வித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது.

நாய் என்றதும் சிலர் "குழந்தைப் படமாக்கிவிட்டார்கள்" என்று கிளம்பிவிட்டார்கள். ஐயா, கிரிப்டோ என்ற இந்த நாய் காமிக்ஸுக்கு வந்தது 1955-இல். நம்மில் பலருக்கும் அது மூத்தது. இயக்குநர் ஜேம்ஸ் கன் தத்தெடுத்த ஓசு என்ற நாய் வீட்டையே துவம்சம் செய்ததாம். இதற்குப் பறக்கும் சக்தியும் இருந்தால் என் கதி என்ன என்று யோசித்ததில்தான் கிரிப்டோ படத்துக்குள் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும்.

சூப்பர்மேனிடம் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. குண்டு துளைக்காது, நெருப்பு சுடாது, எதையும் தூக்குவான். அப்புறம் நாம் எதற்காகப் பயப்பட வேண்டும்? 2013-இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் இதற்கு ஒரு வழி கண்டார். சூப்பர்மேனைச் சாமியாக்கி, நிறத்தையெல்லாம் மங்க வைத்து, பாதி நகரத்தை இடித்து, கடைசியில் வில்லனின் கழுத்தைத் திருக வைத்தார். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்து வாயைப் பிளந்தவன்தான் நான். அதில் நடித்த ஹென்றி கெவில் மாதிரி அந்த உடைக்குப் பொருந்தியவர்கள் குறைவு. ஆனால் அந்த சூப்பர்மேன் தெருவில் வந்தால் நாலடி தள்ளித்தான் நிற்பேன். புதிய படத்தில் நடிக்கும் டேவிட் கோரன்ஸ்வெட்டின் சூப்பர்மேனிடம் போய் வழி கேட்கலாம் போல இருக்கிறது.

சிவப்பு ஜட்டி திரும்பி வந்ததும் அதனால்தான் எனக்குச் சந்தோஷம். பேண்ட்டுக்கு மேலே ஜட்டி போட்டவன் என்று நாம் எத்தனை வருஷம் ஓட்டியிருப்போம்! 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் காமிக்ஸில் அவனைக் கொண்டுவந்தபோது, சர்க்கஸ் பயில்வான்களின் உடுப்பு அது. இயக்குநர் கன்னுக்கே முதலில் தயக்கம் இருந்ததாம். இவ்வளவு சக்தியுள்ள ஒருவனைப் பார்த்துக் குழந்தைகள் மிரளக் கூடாது, அதனால்தான் இந்த உடுப்பு என்று கோரன்ஸ்வெட் சொன்னது அவரை மாற்றியிருக்கிறது. சரியான வாதம். ஜட்டி தெரிகிற ஆளைப் பார்த்து யார் மிரளுவார்கள்?

டீசரில் இன்னொரு துண்டு. கூட்டத்துக்கு நடுவே சூப்பர்மேன் போகிறான். யாரோ வீசிய கேன் தலையில் வந்து படுகிறது. எறிந்தவனை ஒரு பார்வையில் பொசுக்கிவிடலாம், ஆனால் பொசுக்க மாட்டான். அது எறிந்தவனுக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் எறிகிறான். வேறொரு பக்கம், சண்டைக்கு நடுவே ஒரு சிறுவன் அவன் சின்னம் போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வசனம் ரொம்பக் குறைவு. இதையெல்லாம் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பின்னணியில் ஜான் வில்லியம்ஸ் 1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் படத்துக்குப் போட்ட அதே இசை, இப்போது எலெக்ட்ரிக் கிதாரில். முதல் தடவை கொஞ்சம் உறுத்தியது. இப்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிகிறேன்.

பயமும் இருக்கிறது. ஹாக்கேர்ள், மிஸ்டர் டெரிஃபிக், மெட்டமார்ஃபோ, ஒரு கிரீன் லேன்டர்ன் என்று வேறு சூப்பர்ஹீரோக்கள், போதாததற்கு ஒரு ராட்சத மிருகம் வேறு. முதல் படத்திலேயே இத்தனை பேரா? எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கப் பார்த்து சூப்பர்மேன் காமிக்ஸ் நிறுவனமான டிசி ஏற்கெனவே 2016-லும் 2017-லும் வந்த படங்களில் கையைச் சுட்டுக்கொண்டது. நாயகி லோயிஸாக வருகிற ரேச்சல் ப்ராஸ்னஹனுக்கும், வில்லன் லெக்ஸ் லூதராக வருகிற நிக்கோலஸ் ஹோல்ட்டுக்கும் போதிய இடம் கிடைத்தாலே எனக்குப் போதும்.

ஸ்னைடர் ரசிகர்கள் கமென்ட்டில் வரிசை கட்டுவீர்கள் என்று தெரியும். வாருங்கள், பேசலாம், கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம். படம் 2025 ஜூலை 11. தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, ஆங்கிலத்திலேயே பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. டப்பிங் என்றால் சூப்பர்மேனுக்கு யாராவது பஞ்ச் டயலாக் எழுதிவிடுவார்களோ என்றுதான் யோசனை. கிரிப்டோவுக்கு அந்த ஆபத்து இல்லை.